பானெட்டில் துரு

வைத்தியலிங்கம் பண்ணையாரின் அம்பாசிடரில் துரு பிடிக்கத் தொடங்கியிருந்தது. பானெட்டில் பெயிண்ட் தெறித்துப் போயிருந்த இடங்களிலெல்லாம் மிளகு மிளகாகப் பழுப்புப் புள்ளிகள். தினமும் காரைக் கழுவித் துடைக்கும் டிரைவர் வைரக்கண்ணுவுக்கு அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது.

"ஐயா, இப்பவே தேய்ச்சு பிரைமர் அடிச்சுட்டா நின்னுடும். மழையில விட்டுட்டா தகடு ஓட்டையாயிடும்ங்க."

"கேஸ் முடியிற வரைக்கும் கை வைக்காதேன்னு சொன்னேன்ல? அதான்டா சாட்சி."

என்ன சாட்சி? ஒரத்தநாடு சாலையில் முன்னால் போன ஜல்லி லாரியிலிருந்து கல் தெறித்த இடங்கள் அவை. வண்டியை ஓட்டியவன் வைரக்கண்ணு. பின்னால் உட்கார்ந்திருந்தவர் பண்ணையார். அந்த வாரம்தான் பண்ணை ஆட்கள் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு, குறுவை அறுப்புக்கு இறங்க மாட்டோம் என்று நின்றிருந்தார்கள். உச்சவரம்புச் சட்டத்தில் நிலம் போய்விடுமோ என்று ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த பண்ணையார், நேரே போலீஸுக்குப் போய், ஆட்கள் காரின்மேல் கல்லெறிந்தார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கூலி கேட்டு முன்னால் நின்ற உத்திராபதியைப் பிடித்து உள்ளே போட்டார்கள்.

பண்ணையார் வக்கீலைப் பார்க்க ரயிலில் தஞ்சாவூர் போயிருந்த ஒரு காலை, உத்திராபதியின் மனைவி அம்சம் கார் ஷெட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, அவரு கல்லெறிஞ்சதப் பாத்தேன்னு நீங்க கோர்ட்டுல சொல்லப் போறீங்களாமே?"

"யாரு சொன்னா?"

"ஐயாதான். 'என் டிரைவரே சொல்லுவான், உன் புருசன் இப்ப வரமாட்டான்'னாரு."

வைரக்கண்ணுவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஆளே இல்லை அவன் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

"நீ வீட்டுக்குப் போம்மா" என்றான்.

அவள் போனதும் உப்புத்தாளை எடுத்தான். பழுப்பு உதிர்ந்து தகடு பளிச்சென்று தெரியும்வரை ஒவ்வொரு புள்ளியாகத் தேய்த்தான். கை வலித்தது, வலிக்க வலிக்க இன்னும் அழுத்தித் தேய்த்தான். பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் பூசினான். அது காய்ந்ததும் மேலே கறுப்பு பெயிண்ட் அடித்தான்.

சாயங்காலம் திரும்பிய பண்ணையாருக்குப் பெயிண்ட் வாசனையே காட்டிக் கொடுத்துவிட்டது.

"எவன்டா உன்னைக் கை வைக்கச் சொன்னது?"

"துருவுங்க. விட்டா பரவும்."

"என் சாட்சிய அழிச்சுட்டியேடா, படுபாவி!"

"அதான் நான் இருக்கேனே சாட்சி! என்னைக் கேக்காமயே ஊரெல்லாம் சொல்லிட்டீங்களே. கூப்பிடுங்க, கோர்ட்டுக்கு வர்றேன். ஜல்லி லாரின்னு சொல்றேன். அந்த லாரிக்காரன ஏசினதும் நீங்கதான்னு சொல்றேன்."

பண்ணையார் செருப்பைக் கழற்றினார். வைரக்கண்ணு நகரவில்லை. ஓங்கிய கை சற்று நேரம் அப்படியே நின்று, பிறகு இறங்கியது.

"வெளியில போடா."

போனான். பண்ணையார் அவனைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. உத்திராபதியின் வக்கீல் கூப்பிட்டார். நடந்ததை நடந்தபடி சொன்னான். வழக்கு தள்ளுபடியானது.

அதற்குள் குறுவைக்கு அடுத்த தாளடி நடவு முடிந்திருந்தது. நீடாமங்கலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்த வைரக்கண்ணுவைத் தேடி உத்திராபதி வந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

"வெளியில விட்டுட்டாங்க. ஒரு நடவுக் கூலி போச்சே, அத யாருண்ணே திருப்பித் தருவா? பொய்க் கேஸ் போட்டவர ஒருத்தரும் ஏன்னு கேக்கலையே?"

வைரக்கண்ணு கையிலிருந்த ஸ்பானரைத் தகரத்தின்மேல் விட்டெறிந்தான். ஒர்க்‌ஷாப்பில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.