கன்னத்தில் ஒட்டிய கிண்ணம்

பொத்தான் அளவுள்ள உறிஞ்சு கிண்ணம், மேல் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே கன்னத்தின் உட்புறம் ஒட்டிக்கொண்டு மியோஷியின் வாயை அடைத்திருந்தது. அதிலிருந்து ஒரு குழாய் வெளியே வந்தது, நாக்குக்கு அடியிலிருந்து இன்னொன்று. முதல் குழாயில் வரும் காதடிச் சுரப்பியின் எச்சில் தண்ணீராக ஓடும். சோற்றை இனிப்பாக்கும் நொதி அதில்தான் மிகுதி. நாக்கடிச் சுரப்பிகளின் எச்சில் கொழகொழவென்று இழுபடும், நொதி குறைவு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினால் கிண்ணம் நழுவி இரண்டும் கலந்துவிடும், அன்றைய வேலை பாழ். அந்த ஜப்பானிய ஆய்வகத்தில் ஒருவருக்கொருவர் சோதனை எலியாக உட்காருவது வழக்கம். இன்று அவள் முறை.

கிண்ணமே அவள் செய்ததுதான். பழையது ஆளுக்கு ஆள் நழுவிக்கொண்டிருந்தது. பல் அச்சு எடுக்கும் பசையில் வார்த்து வார்த்து, தன் கன்னத்தைப் புண்ணாக்கிக்கொண்டு, காரமில்லாத கஞ்சியாகக் குடித்துக் கிடந்து அவள் கண்ட வடிவம் அது. கியோட்டோ மாநாட்டில் அதைப் பற்றி அவள் பேசுவதாக இருந்தது.

பேராசிரியர் எபிசாவா உள்ளே வந்தார். குழாய்களைக் கவனித்துக்கொண்டிருந்த இளைய மாணவன் ஹயாமா எழுந்து குனிந்து வணங்கினான்.

"மியோஷி, நீ பேச வேணாம், கேட்டுக்கோ. கியோட்டோவுல ஹயாமா பேசட்டும். கட்டுரையில முதல் பேரும் அவனோடதா இருக்கட்டும். ஆம்பளப் பையன், வேலை தேடுற நேரம். நீ நாளைக்கே கல்யாணம் காட்சின்னு போயிடுவே. என்ன, நல்லதுதானே?"

மியோஷியின் தலை ஆடிற்று. பழக்கதோஷம். பெரியவர்கள் பேசும்போது நடுநடுவே தலையாட்டாமல் இருந்தால் அங்கே முகத்திலடித்த மாதிரி. 'காதில் விழுகிறது' என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த இது எபிசாவாவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

"பாத்தியா, அவளே சரின்னுட்டா!"

"மன்னிச்சிருங்க, செம்பாய்," என்றான் ஹயாமா, மூத்த மாணவியிடம் பேசும் பணிவோடு. வேண்டாம் என்று மட்டும் அவன் சொல்லவில்லை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயில் கிண்ணத்தை மாட்டி உட்கார்ந்திருப்பவளிடம் வந்து சம்மதம் கேட்கிறாராம்! என்ன மனுஷன் இவர்?

நிரம்பிய குப்பிகளை மாற்றி, கருவியில் வைத்துப் பார்த்த ஹயாமா திகைத்துப் பேராசிரியரிடம் திரும்பினான். "சென்செய், காதடி எச்சில்ல நொதி தாறுமாறா ஏறியிருக்கு. கொஞ்சம் முன்னாடிகூட சரியா இருந்துச்சு. இத ஓய்வா இருந்தப்ப எடுத்த அளவுன்னு எழுத முடியாதே."

"கிண்ணம் நழுவியிருக்கும். இவ செஞ்சதுதானே! கணக்குல சேக்காதே."

மியோஷி கன்னத்துக்குள் விரலை விட்டுக் கிண்ணத்தைப் பிடுங்கினாள். எச்சில் மோவாயில் வழிந்தது. துடைக்கவில்லை.

"நழுவல சென்செய். நழுவியிருந்தா ரெண்டும் கலந்து அளவு இறங்கியிருக்கும். மனசு கொதிச்சா அந்த எச்சில்ல நொதி ஏறும்னு நீங்கதானே பாடம் எடுத்தீங்க? ஹயாமா, எழுதிக்கோ. காரணம் கோபம்னு எழுது. அப்புறம், நான் தலையாட்டினது காது கேட்டதுக்கு. கியோட்டோவுல நான்தான் பேசுவேன்."

ஹயாமாவின் பேனா அந்தரத்தில் நின்றது.

எபிசாவா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இதமான குரலில் தொடங்கினார். "இங்க பாரு மியோஷி, ஆய்வகம்ங்கிறது ஒரு குடும்பம் மாதிரி..."

அவள் கழுத்து தானாகக் குனியப் பார்த்தது. பல்லைக் கடித்து நிமிர்த்தி வைத்துக்கொண்டாள்.

"...குடும்பத்துல ஒருத்தருக்கு ஒருத்தர்..."

அவர் நிறுத்தி, அவள் தலை அசையக் காத்திருந்தார். அசையவில்லை.

"...விட்டுக் கொடுத்து... அதாவது..."

வாக்கியத்தின் மறுபாதி அவருக்கு வரவில்லை. மியோஷி இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.