முப்பத்துநான்கு மார்க்

ஏப்ரல் மாதத்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, மலையடிவாரப் பூங்காவின் ஈரப் பெஞ்சில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன் மேல் உட்கார்ந்து, கிரிஜா சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். பட்டன் போட்ட கம்பளிக் கோட்டுக்குக் கீழே சேலைக் கொசுவம் எட்டிப் பார்த்தது. அதற்குக் கீழே முரட்டு பூட்ஸ். மரங்களின் நிழல் விழும் பக்கமெல்லாம் பனி இன்னும் அழுக்குப் பஞ்சுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. வெயில் விழுந்த பக்கம் முழுக்கச் சேறு. அந்தச் சேற்றில் பதின்மூன்று ஆண்கள் ஒரு பந்தைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். அவர்களில் ஒருவர், மூக்குக் கண்ணாடியை எலாஸ்டிக் நாடாவால் தலையோடு கட்டிக்கொண்டு கடைசியாக ஓடியவர், அவள் கணவர் மணிவாசகம்.

அது 1973. அப்போதெல்லாம் மாண்ட்ரியலில் தெருவில் தமிழ் காதில் விழுந்தால் நின்று திரும்பிப் பார்ப்போம். அறிமுகம் இல்லாதவரானாலும் வீட்டுக்குக் கூட்டிவந்து காப்பி கொடுத்துத்தான் அனுப்புவோம். ஊரில் நமக்கென்று கோயிலும் இல்லை, கடையும் இல்லை. அப்படிப்பட்ட நாளில் நம் ஆட்கள் நாலு பேர் ஆஸ்திரேலியாக்காரர்களின் கால்பந்து ஆடப் போனார்கள் என்றால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள்.

கால்பந்து என்றதும் நமக்குத் தெரிந்ததை நினைக்காதீர்கள். பந்து முட்டை வடிவம். உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், ஒரு கையில் ஏந்தி மறுகை முஷ்டியால் குத்தி அடுத்தவனுக்கு அனுப்பலாம். தூக்கி எறிய மட்டும் கூடாது. தரையில் பட்டால் அது எந்தத் திசையில் எகிறும் என்பது யாருக்கும் தெரியாது. இதை இந்த ஊருக்குக் கொண்டுவந்தவர் லெஸ் பிரையர். மெல்போர்ன்காரர். பல்கலைக்கழகத்தில் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்துபவர். கிரிஜா குடியிருந்த கட்டடத்திலேயே இரண்டு மாடி கீழே இருந்தார். துணி துவைக்கும் அறையில், இயந்திரம் நிற்பதற்காகக் காத்திருந்த நேரத்தில், அவரும் மணிவாசகமும் கிரிக்கெட் பேச ஆரம்பித்தார்கள். பேச்சு எப்படியோ அந்த முட்டைப் பந்தில் வந்து முடிந்தது. லெஸ்ஸையும் சேர்த்து ஆஸ்திரேலியர்கள் ஐந்து பேர்தான் இருந்தார்கள். இரண்டு ஆங்கிலேயர், ஓர் ஐரிஷ்காரர், ஒரு பிரெஞ்சுக்காரர், மிச்சத்துக்கு நம் ஆட்கள்.

மணிவாசகம் டவுன்டவுனில் ஒரு கம்பெனியில் பாலம் வரைபவர். திருச்சியில் கல்லூரி நாட்களில் மட்டையாளருக்குப் பக்கத்தில் நின்று பந்து பிடிப்பதில் பேர் வாங்கியவர். கனடா வந்த நாலு வருஷத்தில் ஆபீஸ், வீடு, பனி, மறுபடி ஆபீஸ் என்று ஆகி, எதைக் கேட்டாலும் "ம்" என்று மட்டும் பதில் சொல்கிறவராகிவிட்டார். போன இலையுதிர்காலத்தில் இந்த ஆட்டத்துக்குப் போக ஆரம்பித்த பிறகுதான், ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலங்களில் முழங்கால் சேற்றோடு மாடியேறி வந்து, குளியலறையில் பாடினார். வெளியே வந்து ஆறு தோசை சாப்பிட்டார். தோசையை வார்த்துக்கொண்டே அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பாள் கிரிஜா. சுருதி சேராது. ஆனால் அதைவிட நல்ல சங்கீதத்தை அவள் கேட்டதில்லை.

மே மாதம் விக்டோரியா நாள் விடுமுறையில் டொரன்டோ அணி வருவதாக ஏற்பாடு. அணிக்குப் பன்னிரண்டு பேர். இங்கே இருந்ததோ பதின்மூன்று. ஒருவர் நிற்க வேண்டும்.

"எங்க ஊர்ல சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பேப்பர்காரங்க ஒவ்வொரு ஆட்டக்காரனையும் அலசித் தள்ளிடுவாங்க," என்றார் லெஸ், முந்தின ஞாயிறு பெஞ்சுக்கு வந்து. "யாருக்கு வேகம் குறைஞ்சுபோச்சு, யாரு முழங்கால் தேறிடுச்சு, எல்லாம் வரும். நானும் ஆடறேன், நானே சொன்னா நல்லா இருக்காது. நீங்க டீச்சராமே, மிசஸ் மணி. நீங்க எடை போட்டுச் சொல்லுங்க."

அவர் போகிற போக்கில்தான் கேட்டார். கிரிஜாவுக்கு அது அப்படி இல்லை. திருச்சியில் ஒன்பது வருஷம் கணக்கு டீச்சர். வருஷா வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு அழைப்பு வரும். இங்கே வந்து சான்றிதழ்களை நீட்டியபோது பள்ளி அலுவலகத்தில் புரட்டிக்கூடப் பார்க்காமல், பிரெஞ்சு தெரியுமா என்று கேட்டார்கள். அத்தோடு சரி. நாலு வருஷமாக அவள் கையால் யாருக்கும் ஒரு மார்க் போட்டதில்லை.

அந்த வாரமே நோட்டு வாங்கினாள். அளவுகோல் வைத்து ஐந்து கட்டம் போட்டாள்: ஓட்டம், உதை, பிடி, குத்து, விட்டுக்கொடுத்தல். ஒவ்வொன்றுக்கும் இருபது. மூன்று ஞாயிறு பார்த்தாள். விட்டுக்கொடுத்தல் என்ற கடைசிக் கட்டம் அவளே யோசித்துச் சேர்த்தது. தன்னைவிட நல்ல இடத்தில் நிற்பவனுக்குப் பந்தை அனுப்புகிறானா என்று பார்ப்பதற்காக. திருத்துவது முகாமில் திருத்துவதுபோலத்தான். தாராளமாகப் போட்டால் முதன்மைத் தேர்வாளர் கூப்பிட்டு விளக்கம் கேட்பார். அறுபது வாங்கினால் முதல் வகுப்பு. முப்பத்தைந்து தேர்ச்சி. முப்பத்துமூன்று, முப்பத்துநான்கில் நிற்கிற பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு கருணை மதிப்பெண் சேர்த்துக் கரையேற்றிவிடுவது வழக்கம். ரசாயனம் படிக்க வந்த ஜெயசங்கர் முப்பத்துமூன்றில் நின்றான். இரண்டு சேர்த்தாள். பிரெஞ்சுக்காரருக்கு ஒன்று சேர்த்தாள்.

மணிவாசகத்தின் வரிசையைக் கூட்டினாள். ஓட்டம் ஆறு, உதை ஐந்து, பிடி பன்னிரண்டு, குத்து நாலு, விட்டுக்கொடுத்தல் ஏழு. முப்பத்துநான்கு.

பென்சில் அங்கேயே நின்றது. சொந்தக்காரர் தாள் கைக்கு வந்தால் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது முகாமில் விதி. இங்கே யாரிடம் திருப்பிக் கொடுப்பது? ஒன்று சேர்த்தால் வீட்டுக்காரருக்குப் போட்டுக்கொண்டாள் என்றாகிவிடும். சேர்க்காமல் விட்டாள். வரிசைப்படி பார்த்து அணியை எடுப்பது லெஸ்ஸின் வேலை, ஒரு மார்க்கில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசி ஞாயிறு எல்லோரும் பெஞ்சைச் சுற்றி நிற்க, லெஸ் நோட்டை வாங்கிப் படித்தார். ஐரிஷ்காரர் அறுபத்தாறு. லெஸ் அறுபத்தொன்று. படித்துக்கொண்டே போனவரின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. ஐம்பதுக்குக் கீழே எட்டுப் பேர். ஆங்கிலேயர்கள் இருவரும் தங்கள் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இவ்வளவு மோசமா நாங்க?" என்றார் லெஸ். "எங்கப்பாகூட எனக்கு இதைவிட அதிகம் போட்டிருப்பார். அவருக்கு என்னைப் பிடிக்காது. எங்க ஊர்ல அம்பதுதான் பாஸ். எட்டுப் பேர் ஃபெயில்னா, மேட்ச்சே வேணாம்னு டொரன்டோவுக்குச் சொல்லிடலாமா?"

அந்த முகங்களைப் பார்க்க கிரிஜாவுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. வகுப்பில் பேசுவதுபோல் எழுந்து நின்றாள்.

"ஐயோ, அப்படி இல்ல. எங்க ஊர்ல அறுபதுங்கறது முதல் வகுப்பு. முப்பத்தஞ்சு வாங்கினாலே பாஸ். இந்த மார்க்கெல்லாம் ரொம்ப நல்ல மார்க்."

"சத்தியமா, லெஸ்," என்றான் ஜெயசங்கர். "நான் இந்த மார்க்கிலதான் இங்க வரைக்கும் வந்தேன்."

சிரிப்பு பரவியது. ஐரிஷ்காரர் தனக்குத் தானே கைதட்டிக்கொண்டார். லெஸ் நிம்மதியாக விரலை முப்பத்தைந்தில் வைத்து, அதற்கு மேலே எண்ணினார். "பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. சரியா பன்னெண்டு பேர் பாஸ்." விரல் கடைசி வரிக்கு வந்தது. அவர் அந்தப் பெயரைப் படிக்கவில்லை. நோட்டை மெல்ல மூடினார். ஆனால் அது யார் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

மணிவாசகம் கண்ணாடியைக் கழற்றி, சேறு படாத இடமாகப் பார்த்து, பனியனில் துடைத்தார்.

"பரீட்சை கஷ்டமா இருந்துச்சு," என்றார். மறுபடி எல்லோரும் சிரித்தார்கள், கொஞ்சம் அதிகமாகவே.

வீட்டுக்கு நடக்கும்போது அவர் இரண்டடி முன்னால் போனார். சிக்னலில் நிற்க வேண்டி வந்தபோதுதான் பேசினார். "விசாவுக்கு மார்க் போட்டானே, நினைவிருக்கா? நூத்துக்கு அம்பது வாங்கினாத்தான் இந்த நாட்டுக்குள்ள விடுவேன்னான். முன்னப்பின்ன என்னைப் பார்த்தே இராத வெள்ளைக்காரன். அறுபத்திரெண்டு போட்டான்."

"என்னங்க…"

"உங்கிட்ட முப்பத்திநாலு."

"நாளைக்கே லெஸ்கிட்ட சொல்லி ஒண்ணு சேர்த்துடறேங்க. உங்க பிடிக்கு நான் பதிமூணு போட்டிருக்கணும். யோசிச்சுப் பார்த்தா பதிமூணுதான்."

"இப்ப சேர்த்தா மத்த பன்னெண்டு பேரோடதும் பொய்யாயிடும், கிரிஜா. நீ போட்டது சரி. நான் ஓடினது எனக்குத் தெரியாதா?" விளக்கு மாறியது. அவர் சாலையில் இறங்கிவிட்டார்.

அன்று சாயங்காலம் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. மூன்று தோசையோடு எழுந்துவிட்டார்.

அடுத்து வந்த நாட்களில் அவர் கோபமாக இருந்திருந்தால்கூடத் தேவலை. ஆபீஸிலிருந்து வந்து வரைபடத்தை மேஜையில் விரித்துக்கொள்வார். 'ம்' திரும்பி வந்துவிட்டது. கிரிஜா அந்த வரிசையை மனதுக்குள் எத்தனை முறை கூட்டினாளோ, கணக்கில்லை. ஜெயசங்கருக்கு இரண்டு சேர்த்த கை, பிரெஞ்சுக்காரருக்கு ஒன்று சேர்த்த கை, ஏன் அங்கே மட்டும் நின்றது? நேர்மை என்று சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தொடவே அவளுக்குப் பயமாக இருந்தது. இந்த ஊருக்கு வர அவள் ஆசைப்பட்டதில்லை. அவர் பாலம் வரைய வந்தார். அவள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கூடவே வந்தாள். நாலு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சிவப்புப் பென்சில் கையில் ஏறியதும், அந்த ஒரு மார்க்கைப் பிடித்துவைத்துக்கொண்டது டீச்சர்தானா, இல்லை வேறு யாராவதா?

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது லெஸ் மாடியேறி வந்தார். கையில் தொப்பியை வைத்து உருட்டிக்கொண்டே நின்றார். கோல் கம்பங்களுக்குக் கீழே நின்று தீர்ப்புச் சொல்ல ஆள் வேண்டும், டொரன்டோ ஒருவரைக் கூட்டிவருகிறது, நம் பக்கத்துக்கும் ஒருவர் வேண்டும் என்றார். "கோட்டைப் பார்க்கற கண்ணு வேணும் மணி. தப்பா எடுத்துக்காதே. ஆள் கிடைக்கலைன்னு கேக்கல."

மணிவாசகம் வரைபடத்திலிருந்து நிமிரவில்லை. "கோடு நேரா இருக்கான்னு பாக்கறதுதான் என் தொழில்," என்றார். அதை அவர் சம்மதமாகச் சொன்னாரா, சலிப்பாகச் சொன்னாரா என்று லெஸ்ஸுக்கும் புரியவில்லை. ஆனால் லெஸ் போனபிறகு மணிவாசகம், "பழைய வெள்ளைத் தலையணை உறை இருக்கா? ரெண்டு கொடி தைக்கணும்," என்றார். இரண்டு வாரத்தில் அவர் அவளிடம் சொன்ன நீளமான வாக்கியம் அதுதான். கிரிஜா அப்போதே உட்கார்ந்து, ஓரத்தை மடித்து, கையாலேயே தைத்தாள்.

போட்டியன்று மலை முழுக்கப் பச்சை. இரண்டு வாரத்தில் அந்த ஊர் எப்படித்தான் அப்படி மாறுமோ! காற்று மட்டும் அடங்கவில்லை. ஜெயசங்கரின் ஆய்வுக்கூட வெள்ளைக் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு, கக்கத்தில் இரண்டு கொடியோடு, நட்டுவைத்த நாலு கம்பங்களுக்கு நடுவே மணிவாசகம் போய் நின்றார். விதி இதுதான்: நடுவிலிருக்கும் இரண்டு கம்பங்களுக்கிடையே உதைத்த பந்து சுத்தமாகப் போனால் ஆறு புள்ளி, இரண்டு கொடியும் ஏறும். கம்பத்தில் உரசிவிட்டால் ஒன்றே ஒன்று, ஒரு கொடிதான். புள்ளி எழுத கிரிஜாவை உட்காரவைத்திருந்தார்கள். கொடியைப் பார்க்காமல் அவள் எதையும் எழுதக்கூடாது என்று லெஸ் சொல்லியிருந்தார்.

முதல் பாதியில் எல்லாம் சுலபமாகப் போயிற்று. அவர் கொடி காட்டுவார், அவள் எழுதுவாள். அவ்வளவு தூரத்திலிருந்து அவர் முகம் தெரியவில்லை. கண்ணாடி மட்டும் வெயிலில் பளிச்சிட்டது.

இடைவேளை முடிந்து சற்று நேரத்தில் பந்து ஜெயசங்கரிடம் வந்தது. இரண்டு டொரன்டோக்காரர்கள் பாய்ந்து வர, அவன் கண்ணை மூடிக்கொண்டு உதைத்தானோ என்னவோ, பந்து கோணலாகச் சுழன்று, தரையில் ஒரு குத்துக் குத்தி, யாரும் நினைக்காத பக்கம் எகிறி, கம்பத்தை ஒட்டினாற்போல் உள்ளே போனது. ஜெயசங்கர் கையைத் தூக்கிக்கொண்டு குதித்தான். லெஸ்ஸும் ஐரிஷ்காரரும் அவன் மேல் விழுந்தார்கள். "உரசிடுச்சு, உரசிடுச்சு," என்று டொரன்டோக்காரர்கள் கத்தினார்கள். இருபத்துநான்கு பேரும் கம்பத்தடியில் நின்ற ஒருவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மணிவாசகம் அசையவில்லை. கம்பத்தையே ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஆட்டக்காரர்களை எல்லாம் தாண்டி, மைதானத்தின் இந்தக் கோடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். பென்சில் முனை காகிதத்தைத் தொடாமல் காத்திருந்தது. இரண்டுமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ள நினைத்தாள், முடியவில்லை. காற்றில் அந்த வெள்ளைக் கோட்டு படபடத்தது.

வலது கைக் கொடி மேலே ஏறியது. கிரிஜா அவருடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.