கீழே விழுந்த வலப்பக்கம்

தர்சன் கொண்டுவந்த கடதாசியைப் பார்த்ததும் அம்பிகைக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ரொறன்ரோவில் வாழும் சுருவில்காரரின் சங்கத்துக்காக அவள் செய்த இணையப்பக்கம் அதில் அச்சாகியிருந்தது. இடப்பக்கம் தலைப்புகள், வலப்பக்கம் ஊர்ச் செய்திகள் என்று அவள் ஒழுங்காக நிறுத்தியிருந்தாள். கடதாசியிலோ செய்திகள் முழுவதும் தலைப்புகளுக்குக் கீழே சரிந்து கிடந்தன. வலப்பக்கம் வெறும் வெள்ளை.

"ஆர் இந்த அலங்கோலம் செய்தது?"

"நீர்தான். ரொறன்ரோவில இப்பிடித்தான் தெரியுதாம். சங்கத் தலைவர் வைத்திலிங்கம் அண்ணை அனுப்பினவர்."

"என்ர கம்பியூட்டரில வந்து பாருங்கோ மச்சான். ஒரு மயிரிழை விலகியிருந்தா நான் பேரை மாத்திறன்."

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு, பங்குனி மாதம். சுருவில் இருக்கும் அதே தீவில், வேலணைச் சந்தியில் இருந்த கணினி வகுப்பில் அம்பிகை படிப்பித்துக்கொண்டிருந்தாள். அங்கே இணையத் தொடர்பு இல்லை. அவள் பக்கங்களை எழுதி சீடியில் போட்டுக் கொடுப்பாள். யாழ்ப்பாணத்தில் இணையக் கடையொன்றில் வேலை செய்யும் தர்சன் அதைக் கொண்டுபோய் ஏற்றிவிடுவான். அவன் அவளுடைய தாய்மாமனின் மகன். அவனுக்கு அவள்தான் என்று இரண்டு வீட்டிலும் எப்போதோ பேசி முடித்தாயிற்று. சம்பந்தப்பட்ட இருவரும்தான் அதைப்பற்றி இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"சனிக்கிழமை அங்க ஆண்டுக் கூட்டம்" என்றான் தர்சன். "பக்கத்தைப் பெரிய திரையில காட்டப் போகினம். அதுக்குள்ள சரிவராட்டி அங்கத்தைக் கொம்பனி ஒண்டிட்டக் குடுக்கப் போகினமாம். பிள்ளை ஆசைக்குச் செய்தது, பரவாயில்லை எண்டவர்."

அந்தப் 'பரவாயில்லை' அம்பிகைக்குச் சுருக்கென்று தைத்தது. ஊரின் பக்கம் ஊரில் இருந்துதான் எழுதப்பட வேண்டும் என்று கேட்டு வாங்கிய வேலை அது. ஒருமுறை கையைவிட்டுப் போனால் திரும்பி வராது.

"அங்கத்தைக் கம்பியூட்டர்தான் பிழை" என்றாள்.

"ஓமோம். முழுக் கனடாவும் பிழை, நீர் மட்டும் சரி. உமக்கு வாய் கூடவெண்டு மாமி சும்மாவே சொல்லுறவ?"

சொல்லிக்கொண்டே ஒரு சீடியை எடுத்து நீட்டினான். "பயர்பொக்ஸ். புது உலாவி. அங்க கனபேர் இப்ப இதாலதான் பாக்கினமாம்."

அதுவரை அவள் எக்ஸ்புளோரர் என்ற பழைய உலாவியில் மட்டும்தான் பார்த்திருந்தாள். புதியதை ஏற்றிப் பக்கத்தைத் திறந்ததும் செய்திகள் பொத்தென்று கீழே விழுந்தன. அம்பிகை கதிரையை மேசையோடு நெருக்கிப் போட்டாள். வெளியே ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது.

"மச்சான், நீங்கள் காணி அளக்கேக்க வேலியைச் சேர்த்து அளப்பீங்களோ, விட்டு அளப்பீங்களோ?"

"அந்தக் கேள்வியாலதான் அப்பாவும் பக்கத்து வளவுக்காரரும் பேச்சில்லாமல் இருக்கினம். ஏன்?"

"இஞ்சையும் அதுதான் நடக்குது. எழுத்து விளிம்பில முட்டாமல் இருக்க, பெட்டிக்குள்ள கொஞ்ச இடம் விட்டனான். எக்ஸ்புளோரர் அதையும் சேர்த்துத்தான் பெட்டியின்ர அகலம் எண்டு கணக்குப் பாக்குது. மற்றது அதை அகலத்துக்கு மேல கூட்டுது. கூட்டினா ரெண்டு பெட்டியும் பக்கத்துக்குள்ள அடங்காது. ஒண்டு கீழ இறங்கத்தானே வேணும்?"

"அப்ப ஆர் பிழை?"

"அதுதான் விளங்கேல்லை. எக்ஸ்புளோரர் அளக்கிறது பழைய கணக்கு. பக்கம் எந்த முறையில எழுதினது எண்டு தொடக்கத்தில ஒரு வரி போட்டா, அதுவும் புதுக் கணக்குக்கு வந்திட வேணும். நான் வரி போட்டிருக்கிறன்."

வரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். ஒரு புள்ளிகூடப் பிழையில்லை. பிறகு அவளுடைய பார்வை இன்னும் ஒரு வரி மேலே ஏறியது. வாய்விட்டுச் சிரித்தாள்.

"எக்ஸ்புளோரருக்கு என்ர வரி தெரியேல்லை மச்சான். அதுக்கு முன்னால ஒராள் இருக்கிறார்."

பக்கத்தின் உச்சியில், திரையில் தெரியாத குறிப்பாக, ஒரு பிள்ளையார் சுழி இருந்தது. கடிதமோ கடைச்சிட்டையோ, சுழி போடாமல் அம்பிகை வாழ்நாளில் எதையும் எழுதத் தொடங்கியதில்லை. கைப்பழக்கத்தில் இங்கேயும் போட்டுவிட்டாள். பயர்பொக்ஸ் அதைத் தாண்டிப் போய் வரியை வாசித்தது. எக்ஸ்புளோரரோ முதலில் வேறெதையோ கண்டதும், இது பழைய பக்கம் என்று முடிவுகட்டிவிட்டது.

"பிள்ளையாரை எழுப்பப் போறீரோ? பொல்லாத பாவம்."

"எழுப்பேல்லை. ஒரு வரி கீழ இருத்திறன்."

இருத்திவிட்டு எக்ஸ்புளோரரில் திறந்தாள். அதுவரை நேராக நின்ற பக்கம் அங்கேயும் விழுந்தது. அம்பிகை கைகொட்டினாள்.

"ரெண்டிலையும் விழுந்திட்டுது!"

"விசரோ உமக்கு? ஒண்டிலயாவது நல்லா நிண்டது."

"ரெண்டும் ஒரே மாதிரி விழுந்தா ஒருக்காத் திருத்தினாக் காணும். இனிப் பாருங்கோ."

விட்ட இடைவெளியை ஒவ்வொரு பெட்டியின் அகலத்திலிருந்தும் கழித்தாள். இரண்டு உலாவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தாள். இரண்டிலும் செய்திகள் எழும்பிவந்து தங்கள் இடத்தில் நின்றன. தர்சன் திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அது அவளுக்குத் தெரிந்தது. தெரியாததுபோல சீடியை எழுதி எடுத்தாள்.

"தாரும், கொண்டுபோய் ஏத்திறன்."

"நானும் வாறன். என்ர கண்ணால பாக்கவேணும்."

பண்ணைப் பாலத்தால் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய், அவன் வேலை செய்யும் கடையில் அவளே பக்கத்தை ஏற்றினாள். மாலையில் வைத்திலிங்கத்துக்குத் தொலைபேசி எடுத்து, இரண்டு உலாவியிலும் பார்க்கச் சொன்னார்கள். அங்கே விடிந்துகொண்டிருந்தது.

"ரெண்டிலயும் பாத்தன், நேரா நிக்குது" என்றார் அவர். "தர்சன், நீயோ திருத்தினது?"

"நான் சீடி காவுற ஆள் அண்ணை. திருத்தினவ பக்கத்தில நிக்கிறா." தொலைபேசியை அவளிடம் கொடுத்தான்.

"கெட்டிக்காரி பிள்ளை. கொம்பனியை வேண்டாமெண்டு சொல்லுறன். சங்கத்தின்ர பக்கம் உம்மட கையிலயே இருக்கட்டும்."

"சரி ஐயா. ஆனா இனிமேல் பிழை சொல்லேக்க, எந்த உலாவியில பாத்தது எண்டும் சொல்லுங்கோ."

மறுமுனையில் அவர் உரக்கச் சிரித்தார்.

பஸ் நிலையம் வரை தர்சன் கூடவே வந்தான். வேலணை பஸ் புறப்பட ஆயத்தமாக நின்றது.

"மாமியோட கதைக்கலாம் எண்டு பாக்கிறன்" என்றான், பஸ்ஸின் சில்லைப் பார்த்தபடி.

"என்ன கதை?"

"உமக்குத் தெரியாதாக்கும்."

அம்பிகை பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "கதையுங்கோ. ஆனா நான் வகுப்பை விட்டிட்டு யாழ்ப்பாணம் வரமாட்டன். சுருவில்காரரின்ர பக்கம் இனி வேலணையிலயிருந்துதான் வரும்."

"உம்மை ஆர் வரச்சொன்னது? நான் அங்கயிருந்து கடைக்கு பஸ்ஸில போய்வாறன்."

"தினமுமோ?"

"தினமும்."

அவள் மிதிபலகையில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். "அப்ப ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. அம்மா வீட்டிலதான் நிப்பா. மத்தியானத்துக்குச் சமைக்கச் சொல்லுறன்."