ராசையா நிரப்பிய குறை

1

இந்தக் கதை வடசென்னையில், கல்மண்டபம் பகுதியில், ஒரு டீக்கடையில் பிறந்தது. என் தம்பி ராசையாவின் காதில் விழும்படியே ஒருவன், "தோ, துட்ட திருப்பிக் கட்டுன அண்ணாச்சி" என்றான். தம்பி டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தான். எங்கள் வீட்டார் பாதியில் எழுந்து போவதில்லை. நான் வீட்டுக்கு வந்து காகிதத்தை எடுத்தேன்.

முதல் வரி இப்படி அமைந்தது: "மாநகராட்சி மன்றத்தின் நிதிக்குழுத் தலைவராக இருந்த ராசையா, பொதுப்பணத்தைத் தொடாதவர்." அடித்துவிட்டேன். தொடாதவர் என்று படித்தவுடனே தொட்டிருப்பாரோ என்றுதான் உங்களுக்குத் தோன்றும்.

அடுத்து: "விளாத்திகுளம் பக்கமிருந்து பருப்பு வியாபாரத்துக்கு வந்த மானமுள்ள குடும்பம் ஒன்று..." இதுவும் வேண்டாம். மானம் இருப்பவர்கள் அதை முதல் வரியில் சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

2

(இனி அவரை 'அவர்' என்றே எழுதுவேன். தம்பியானாலும் பதவி வகித்தவர்.)

ராசையா பருப்பு மண்டி நடத்தினார். எங்கள் வியாபாரிகள் மகமைச் சங்கத்தில் பொருளாளராக இருந்தார். பிறகு சுயேச்சையாக நின்று வார்டு உறுப்பினரானார். மற்ற உறுப்பினர்கள் வாக்களித்து அவரை நிதிக்குழுவுக்குத் தலைவராக்கினார்கள். இந்த ஆள் தொந்தரவு செய்ய மாட்டார் என்று நினைத்திருக்கலாம்.

முதல் கூட்டத்திலேயே, கட்டாக நீட்டிய தீர்மானங்களில் கையெழுத்துப் போடாமல் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். "அண்ணாச்சி பருப்பு பொடைக்கிறாரு" என்று சிரித்தார்கள். புடைத்ததில் ஒன்று சிக்கியது. திருவொற்றியூர் வடிகாலுக்கென்று ஒதுக்கிய பணம் வருடந்தோறும் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவர் அதை மறித்தார். அடுத்த மழைக்கு, முழங்காலுக்கு வரும் தண்ணீர் அங்கே வாசற்படியோடு நின்றது. இதைக் கேட்ட அன்று ராசையாவுக்குப் பசிக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன் சும்மா உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

(இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட முடிந்தால் நன்றாக இருக்கும்.)

3

ஒரு வழக்கத்தை விளக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் நடந்தது புரியாது.

மகமை என்பது வியாபாரிகள் தங்கள் விற்பனையில் ஒரு பங்கைப் பொதுவுக்குக் கொடுப்பது. எங்கள் சங்கத்தில் அந்தப் பணம் குறைந்தால், பொருளாளர் தன் கையிலிருந்து அப்போதே நிரப்பிவிட வேண்டும். யார் எடுத்தது என்று விசாரிக்கக் கூடாது. விசாரித்தால் அத்தனை குடும்பத்தின் மீதும் நிழல் விழும். எங்கள் அப்பா ஒருமுறை சரக்கு வண்டியை விற்று நிரப்பினார். அதற்காக அவரை எழுந்து நின்று வணங்கினார்கள்.

ராசையாவின் வார்டில், ஒரு கல்யாண மண்டபத்தில், வரி வசூல் முகாம் நடந்தது. சாயங்காலம் எண்ணிப் பார்த்தபோது பணம் குறைந்தது. (தொகையை எழுத மாட்டேன். அதைக் கேட்டால் உங்கள் பரிதாபம் கூடும் அல்லது குறையும். இரண்டும் எங்களுக்கு வேண்டாம்.) ஊழியர்கள் வெளிறி நின்றார்கள். ராசையா மண்டிக்கு ஆள் அனுப்பிப் பணத்தை வரவழைத்தார், நிரப்பினார், எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். கை தானாகச் செய்த வேலை அது.

மறுநாள் மண்டியில் மூட்டை தூக்கும் ஜெயவேல் கேட்டார்: "அண்ணாச்சி, இன்னான்னமோ பேசிகினு கீறாங்க. நீ எட்த்தியா?"

"இல்லப்பா."

"அப்பால இன்னாத்துக்குக் கட்ன?"

"கொறஞ்சுதுல்லா."

"எட்த்தவனே கட்ட மாட்டான் எங்க ஏரியால. நீ எட்க்காமயே கட்னன்னா எவன் நம்புவான்? நான் நம்புறேன். மூட்ட தூக்குறவன் நம்பி இன்னா ஆவப்போது?"

வீட்டில் அவர் மனைவி தங்கபுஷ்பம் குரலை உயர்த்தவில்லை. "யாருன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா, அங்க நின்ன அத்தன பேரும் களவாணி ஆயிருவாவ."

"இப்ப நீங்க ஒரு ஆளு ஆயிட்டிய."

ராசையா அன்று

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அன்று அவர் இருந்த நிலை எங்கள் வீட்டுக்குள் இருக்கட்டும்.)

4

விசாரணை நடந்தது. யார் மேல் சந்தேகம் என்று கேட்டார்கள். "நான் கேக்கல, எனக்குத் தெரியாது" என்றார். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதி முடித்தார்கள். குற்றமில்லை என்று எழுதவில்லை. ராசையா பதவியை விட்டார்.

இங்கே கதைக்கு ஒரு திருடன் தேவைப்படுகிறான். அவன் அகப்பட்டால் என் தம்பி தலைநிமிர்வார். ஆகவே ஒருவனை உண்டாக்கினேன். பெயர் விமல், ரசீது போடும் ஊழியன். வியாசர்பாடிக் குடியிருப்பில் ஒரு வீடு கொடுத்தேன். வீட்டைக் கொடுத்ததும் அங்கே ஒரு தாய் வந்துவிட்டாள், பட்டம்மாள். மகன் அரசு வேலைக்குப் போவதை வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு தண்ணீர்க் குடத்தோடு படியேறுகிறாள். போலீஸ் எந்தப் படியில் அவளைக் கடந்து மேலே போகும் என்று எழுத வேண்டும். பேனா நின்றுவிட்டது. எங்கள் வாசலைக் கழுவ அவள் வாசலில் சேற்றைக் கொட்டுவதா?

விமலை நீக்கிவிட்டேன். பட்டம்மாள் படியேறிவிட்டாள்.

5

முடிவுகள் சிலவற்றை முயன்றேன். எடுத்தவன் மனம் திருந்தி வருவது: நம்பும்படி இல்லை. ராசையா மறுபடி தேர்தலில் நின்று ஜெயிப்பது: அவர் நிற்க மாட்டார். மாரடைப்பு: என் கையால் எழுத முடியாது.

மிச்சமிருப்பது ஞாயிற்றுக்கிழமை நடக்கும் சங்கக் கூட்டம். புதிய பொருளாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிரப்பியவன் எடுத்தவன் அல்ல என்பது தெரிந்தவர்கள் இந்த ஊரில் அந்த ஒரு சங்க மண்டபத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களும் அவர் பெயரைச் சொல்லாவிட்டால், டீக்கடையில் கேட்டதே அவர் பெயராக நிலைத்துவிடும். ராசையா தேய்த்த சட்டையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

"பொருளாளர் பொறுப்புக்கு யாரையாவது முன்மொழியறீங்களா?" என்று சங்கத் தலைவர் தவசிமுத்து கேட்கிறார்.

இரத்த உறவு முன்மொழியக் கூடாது என்பது விதி. விதியை மீறி நான் வாய் திறக்க மாட்டேன். மற்றவர்கள் எங்களுக்கு வேண்டியவர்கள். வேண்டியவர்கள்தான் முதலில் தரையைப் பார்க்கிறார்கள். சங்கத்துக்குக் கெட்ட பேர் வந்துவிடுமோ என்ற பயம்.

இதுவரை படித்த நீங்களும் அந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். நீங்கள் எங்களுக்கு உறவும் இல்லை, வேண்டியவரும் இல்லை.

தவசிமுத்து இரண்டாவது முறை கேட்கிறார்.