கோட்டின் வலது முனை

பந்தல் காலில் இரண்டாவது ஸ்பீக்கர் பெட்டியைக் கட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கிய ஸனூஸ், கையில் மைக்கோடு தப்புக்காரர்கள் பக்கம் வந்து நின்றார். எங்கே வைப்பதென்று அவருக்குப் புரியவில்லை.

"எங்ககிட்ட வச்சிராதீங்க பாய்," என்றார் தப்பைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தவர். "பெரியவரு பெட்டியிலேருந்து எந்திரிச்சு, தள்ளி வையிடா மடையான்னு சத்தம் போடுவாரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டு, சாவு வீடு என்பது நினைவுக்கு வந்ததும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். வாசலுக்கு உள்ளே தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பெரியவரின் மனைவி மருதாயிக்கும் உதட்டோரம் லேசாக இழுத்தது. முருகையா அப்படியேதான் சொல்லியிருப்பார். அந்த 'மடையா' உட்பட.

ஞாயிறு இரவு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது உயிர் இருந்தது, விடியும்போது இல்லை. வயது அறுபத்தாறு. இன்று செவ்வாய்க்கிழமை, மூன்று மணிக்கு எடுப்பதென்று மரண சகாய சங்கத்தார் சொல்லியிருந்தார்கள். ஸ்பிரிங்வெளி தோட்டத்துப் பாதையில் கொழுந்து நிறுக்கும் மடுவம் வரைக்கும் வெள்ளைக் கொடி கட்டியாயிற்று.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஸனூஸின் சவுண்ட் செட் கடைக்கு மேல்மாடியில், இருபத்தெட்டு வருடம் பாட்டுப் பதியும் கூடம் நடத்தியவர் முருகையா. பாடுகிறவனின் குரல், மேளம், கீபோர்ட் எல்லாவற்றையும் தனித்தனியே பதிந்து, எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று அளந்து கலந்து கொடுப்பது அவர் வேலை. கோயில் திருவிழாப் பாட்டு, கல்யாணப் பாட்டு, தோட்டத்துப் பொடியன்களின் சொந்தப் பாட்டு எல்லாம் அந்தப் பலகைப் படிகளில் ஏறித்தான் வந்தன. பண்டாரவளையிலிருந்தும் ஹாலிஎலையிலிருந்தும் சவுண்ட் செட் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் இன்றைக்கு வந்து பந்தலில் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

தெமோதரையிலிருந்து வந்த ஒருத்தி மருதாயியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

"எங்க வீட்டுக்காரரு காமன் கூத்துல பாடுன கொரல அண்ணன்தான் எடுத்து வச்சாரு. மனுசன் போயி ஒம்போது வருசமாச்சு. போனுல அமுக்குனா இன்னிக்கும் பாடுறாரு." அவள் மூக்கைச் சிந்தினாள். "உசுரோட இருந்தப்ப ஒரு நாளு நிப்பாட்டச் சொன்னாக் கேப்பாரா? இப்ப நான் அமுக்குனா நிக்கிறாரு."

அழுகைக்கு நடுவில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. மருதாயி அவளுக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னாள்.

அந்த நேரத்தில்தான் சதீஸ்குமார் உள்ளே வந்தான். மேல் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பையன், டவுனில் கடையொன்றில் வேலை, பாட்டுக் குழு ஒன்றும் வைத்திருந்தான். கண் வீங்கியிருந்தது. கும்பிட்டுவிட்டு மருதாயி பக்கத்தில் குந்தினான்.

"அத்தே, மாமா கடைசியா போட்டது எங்க பாட்டுதான். திங்கக்கெழம வாங்கடான்னாரு, நாங்கதான் நச்சரிச்சு சனிக்கெழமயே அவரு கையால பென் டிரைவ வாங்கிட்டோம். பெட்டிய தூக்குறப்ப அத போடலாம்னு இருக்கோம். எல்லாரும் கேக்கட்டும். முருகையா காதுன்னா என்னான்னு தெரியட்டும்."

"இன்னும் யாரும் கேக்கலியா?" என்றாள் மருதாயி.

"இல்ல அத்தே. திருவிழா அன்னிக்கித்தான் கேக்கணும்னு நாங்க போனுல கூட போட்டுப் பாக்கல. ஸனூஸ் அண்ணன்கிட்ட குடுத்துட்டேன்."

அவன் எழுந்து போனான். மருதாயி முருகையாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆறு வருடங்களுக்கு முன்பு ஒரு சித்திரை மாதத்து மாலை அது. மலைச்சரிவு முழுக்கச் சில்வண்டு. பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்காத இரைச்சல். முருகையா வாசலில் நின்று, "இந்த வருசம் வண்டுச் சத்தமே இல்ல பாத்தியா? மருந்தடிச்சே கொன்னுட்டானுங்க," என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை.

"ஆமாங்க," என்றாள்.

அந்த மாதமே ஒரு பாடகர் திரும்பி வந்து, கைத்தாளம் ஊசி மாதிரி குத்துகிறது, 'ச' வருகிற இடமெல்லாம் சூடான கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி சீறுகிறது என்றார். முருகையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. தனக்குக் கேட்காத கூர்மையான மேல் சத்தங்கள் பாட்டிலேயே குறைகின்றன என்று அவர் நினைத்திருந்தார். அதனால் கூட்டிவைத்தார். புகார் வந்ததும், துலக்கமில்லாமல்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று இன்னும் கூட்டினார். அந்தப் பாடகர் பிறகு வரவேயில்லை.

மருதாயி கொழுந்து வேலையிலிருந்து நின்ற பிறகு தினமும் மதியச் சோற்றோடு டவுனுக்குப் போய், அவர் வேலையைப் பார்த்துக்கொண்டு மாலை வரை கூடத்திலேயே இருப்பாள். கணினித் திரையில் ஒரு கோடு தெரியும். இடது பக்கம் அடிச் சத்தம், வலது பக்கம் மேல் சத்தம். வேலை முடியும்போது முருகையா வலது முனையை மேலே தூக்கிவிட்டு, "நல்லா இருக்கு," என்று சொல்லிக் கீழே போவார். ஒரு நாள் அவர் போனதும் மருதாயி அந்த முனையை ஒரு விரற்கடை கீழே இழுத்துப் பாட்டை ஓடவிட்டாள். கேட்டாள். இன்னும் கொஞ்சம் இழுத்தாள். பாட்டைச் சேமித்துவிட்டு, கோட்டை அவர் வைத்த இடத்திலேயே திருப்பி வைத்தாள்.

அதற்குப் பிறகு ஒரு புகாரும் வரவில்லை. "முருகையா காதுன்னா காதுதான்," என்று ஊவா மாகாணம் முழுக்கப் பேசினார்கள். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அவளுக்குப் பெருமையாக இருக்கும். புருஷனின் கையெழுத்தைத் திருட்டுத்தனமாகப் போடுகிறவளின் பயமும் கூடவே இருக்கும். அவருக்குத் தெரிந்தால் மனிதர் உடைந்துபோவார்.

சனிக்கிழமை மகள் தனுஜா கண்டியிலிருந்து லீவில் வந்ததால் மருதாயி டவுனுக்குப் போகவில்லை. இந்த ஆறு வருடத்தில் அவள் கைபடாமல் வெளியே போன ஒரே பாட்டு அது. இன்னும் ஒரு மணி நேரத்தில், தொழில் தெரிந்த அத்தனை பேருக்கும் முன்னால், நாலு பெரிய ஸ்பீக்கரில் அது சீறப்போகிறது. அதற்குப் பிறகு அவரைப் பற்றிப் பேச அந்தச் சீறல்தான் மிஞ்சும்.

அவள் தரையில் கையூன்றினாள்.

"எங்க எந்திரிக்கிற?" முருகையாவின் அக்கா பெரியாயி தோளை அமுக்கினாள். "பெட்டி எடுக்கிற வரைக்கும் தலமாட்ட விட்டு எந்திரிக்கக் கூடாது. ஒனக்குத் தெரியாததா?"

"ஒரு நிமிசம் மதினி."

"அர நிமிசமும் இல்ல. உக்காரு."

மருதாயி உட்கார்ந்தாள். ஸனூஸிடம் சொன்னால் ஸனூஸுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். அவள் வெகுநேரம் முருகையாவின் நெற்றித் திருநீற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டு, "ஸனூஸ் தம்பிய வரச் சொல்லு," என்றாள்.

ஸனூஸ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பக்கத்தில் குந்தினார். வெளியே தப்பு அடிக்க ஆரம்பித்திருந்தது.

"தம்பி, அந்தப் பொடியன் குடுத்த பாட்டு…" அவளுக்கு வார்த்தை வரவில்லை. "அத போடுறப்ப கொஞ்சம்…"

"மேல கொறச்சிட்டேன் அக்கா," என்றார் ஸனூஸ். "காலையிலயே ஹெட்போன்ல போட்டுப் பாத்தேன். நீங்க கை வெக்கல்லன்னு வெளங்கிச்சு."

மருதாயி அவரைப் பார்த்தாள்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. எனக்கு ஆறு வருசமாத் தெரியும். அண்ணனுக்கும் தெரியும்."

தப்புச் சத்தம் ஏறியது. அவர் இன்னும் கொஞ்சம் அருகில் வந்தார்.

"காது டொக்டர்கிட்ட அவர கூட்டிட்டுப் போனதே நாந்தான். மெஷின்ல ஒரு கோடு போட்டுக் குடுத்தாங்க. இங்கால நேரா வந்து, அங்கால பள்ளத்துல உழுந்து கெடந்திச்சு. வயசு போனா வாறதுதான், சத்தத்துக்குள்ளயே கெடக்கிறவங்களுக்குக் கொஞ்சம் முந்தி வரும்ன்னார் டொக்டர். அண்ணன் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்து வந்திட்டு, 'தொழில வுட்டுறணும் ஸனூஸ்'ன்னார்."

"அப்பறம்?"

"அந்தக் கெழமையே ஒரு ஆள் வந்து, பாட்டு தேன் மாதிரி இரிக்கின்னு அவர் கையப் புடிச்சு முத்தம் குடுத்தான். அண்ணனுக்கு யோசன. நான் போட்டது அப்பிடி வர ஏலாதேன்னு. அடுத்த நாள் நம்ம கடைக்கு வந்து குந்தினார். மேல பலகதானே அக்கா. நீங்க பாட்ட திருப்பிப் போட்டது கீழ கேட்டிச்சு. அடி மட்டும் தும் தும்ன்னு. அவர் மேல மோட்டுப் பலகயப் பாத்துக்கிட்டே இருந்தார்."

தனுஜா விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வந்தாள். அவள் போனதும் ஸனூஸ் தொடர்ந்தார்.

"அதுக்குப் பொறகு வேல முடிஞ்சா கீழ வந்துருவார். நான் கடைய மூடணும், எழும்புங்க அண்ணேன்னாலும் எழும்ப மாட்டார். 'இருடா, மூணாவது தடவ போடுறா. அவளுக்கு இன்னும் பத்தல'ன்னுவார். ஒரு நாள் ஏழு தடவ போட்டிருக்கீங்க. அண்டைக்கி எங்கூட்டுக்காரி எனக்கு நல்லா ஏசினா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே தம்பி."

"நானும் கேட்டேன், அக்காகிட்ட சொல்லுங்களேன்னு. 'சொன்னா பயந்துருவா. பயந்து பயந்து இழுத்தா கெட்டுப்போயிரும். இப்ப தைரியமா இழுக்குறா, சரியா வருது'ன்னார்."

ஸனூஸ் எழுந்து, ஒரு கணம் நின்று முருகையாவைப் பார்த்துவிட்டு, வெளியே போனார்.

நாடியைச் சுற்றிக் கட்டியிருந்த வெள்ளைத் துணி முருகையாவின் காதுகளை மூடியிருந்தது. மருதாயி ஒரு விரலை விட்டு அதை இடது காதிலிருந்து சற்று விலக்கினாள்.

"என்னா செய்யிற?" என்றாள் பெரியாயி.

"இறுக்குது."

மூன்று மணிக்குப் பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுவந்து ஸ்டூல்களின் மேல் வைத்தார்கள். மருதாயியின் தம்பி கோடிச் சேலையைத் தோளில் போட்டான். வாய்க்கரிசி முடிந்ததும் தப்பு நின்றது. சதீஸ்குமார் கையைத் தூக்கிக் காட்ட, பாட்டு ஆரம்பித்தது.

முதல் வரி வரைக்கும் அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். சீறவில்லை. சதீஸ்குமாரின் குரல் நன்றாகவே வந்தது. ஆனால் இரண்டாவது வரியில் கைத்தாளம் சேர்ந்தபோது, ஒரு மயிரிழை, கூசிற்று. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. வரிசையில் இருந்த சவுண்ட் செட்காரர்கள் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

மருதாயி வலது கையை உயர்த்தினாள். கூட்டத்துக்கு மேலாக ஸனூஸின் கண் அவளைப் பிடித்தது. விரலை மெல்லக் கீழே இறக்கினாள். ஸனூஸ் குமிழைத் திருகினார். இன்னும் கொஞ்சம். திருகினார். அவள் உள்ளங்கையை விரித்து நிறுத்தினாள்.

"பாவம், போயிட்டு வான்னு கை காட்டுறா," என்று யாரோ ஒருத்தி விம்மினாள். பெரியாயி மட்டும் மருதாயியின் கையையும் மிக்சருக்குப் பின்னால் நின்ற ஸனூஸையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பாட்டு முடிந்ததும் பண்டாரவளைக்காரர் ஒருவர் எழுந்து, பக்கத்தில் இருந்தவரிடம் உரக்கவே சொன்னார்: "கேட்டியா? கடைசி வரைக்கும் அந்த ஆளு காதுல ஒரு பிசகு இல்ல."

பெட்டியைத் தூக்கினார்கள். பின்னால் லொறியில் ஸ்பீக்கர்களை ஏற்றிக்கொண்டு, பொடியன்கள் அதே பாட்டை மறுபடி போட்டார்கள். முன்னே ஒருவர் பொரியை இறைத்துக்கொண்டு போனார்.

மடுவத்துக்கு அப்பால் பெண்கள் போவதில்லை. மருதாயியும் மற்றவர்களும் அங்கே நின்றார்கள். பாதை தேயிலைச் சரிவைச் சுற்றிச் சுற்றி இறங்கியது. முதல் வளைவில் கைத்தாளம் கேட்காமல் போயிற்று. அடுத்த வளைவில் சொற்களின் கூர் மழுங்கி, என்ன பாடுகிறான் என்பது புரியாமல், குரல் மட்டும் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. லொறி மறைந்த பிறகு குரலும் போயிற்று.

பெண்கள் ஒவ்வொருவராக லயத்துக்குத் திரும்பினார்கள். தனுஜா தாயின் முழங்கையைத் தொட்டாள்.

"வாம்மா. வீடு கழுவணும். பாட்டு போயிருச்சு."

"போகல," என்றாள் மருதாயி. "அடி கேக்குது."

தனுஜா காதைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு அவளும் பக்கத்திலேயே நின்றாள். பாதையில் கிடந்த பொரிக்கு ஒரு மைனா இறங்கி, அவர்கள் காலடி வரைக்கும் கொத்திக்கொண்டு வந்தது. இருவரும் அசையாததால் அது பறக்கவில்லை.