உப்பளத்து மகளிர் நீர் பருகிய கதை

கீழைக் கடலினின்று எழும் இளங்கதிர், தூத்துக்குடித் துறைமுகத்தின் நெடிய பாரந்தூக்கிகளுக்குப் பொன் பூசி, அலைமேல் அசையும் தோணிகளைத் தழுவி, பின்னர்க் கரையெங்கும் பரந்து கிடக்கும் உப்பளங்களின்மேல் விழும் பொழுதை, அன்புடையீர், நீவிர் ஒருமுறையேனும் காணல் வேண்டும். வானமே துண்டுதுண்டாய் அறுபட்டு நிலத்தில் பதிந்ததோ என மயங்குமாறு பாத்திகள் ஒளிரும். அவற்றின் கரையில் அம்பாரம் அம்பாரமாய் உப்புக் குவிந்திருக்கும். கொற்கைப் பெருந்துறையில் முத்துக் குளித்த நாள் பழங்கதையாய்ப் போயிற்று. அக்கடல் இன்று நமக்கு ஈவது இவ்வெண்மணிகளையே. ஆயின், இவற்றை வாரிக் குவிக்கும் மகளிர், விடியல் தொட்டுப் பொழுது சாயும் வரை ஒரு மிடறு நீரும் பருகாது நின்றனர் என்பதை, அவ்வழகைத் தொலைவில் நின்று வியந்தோர் எவரும் அறிந்திலர்.

வெள்ளாங்கரை என்பது உப்பளங்களை ஒட்டிய சிற்றூர். நாசரேத்தில் பிறந்து மில்லர்புரத்தில் வாழ்க்கைப்பட்ட செவிலி ஜெயஷீலா, ஊர்நலப் பணிக்குழுவோடு அங்கு வந்த முதற்கிழமையிலேயே, பெண்கள் பலரும் நீர்க்கடுப்பாலும் இடுப்பு நோவாலும் வாடுவதைக் கண்டாள். மருந்து தந்து, நீர் நிறையப் பருகுமாறு வேண்டினாள். அவர்களோ முறுவலித்துத் தலையசைத்தனர்; ஆயினும் மறுகிழமையும் அதே நோவோடு வந்து நின்றனர். காரணம் அறிய விழைந்தவள், ஒருநாள் விடியலில் அவர்களோடு உப்பளம் சென்று, உப்பு வாரும் சீனித்தாயின் அருகே வரப்பில் அமர்ந்தாள். வெயில் ஏறுமுன்னே தான் கொணர்ந்த நீரில் பாதியைப் பருகிவிட்டு, சற்றைக்கெல்லாம் ஒதுங்க ஓரிடம் தேடிக் கண்ணோட்டினாள். மரமில்லை, புதரில்லை, வரப்பெங்கும் மூட்டை சுமக்கும் ஆடவர். எஞ்சிய நீரை அவள் பேசாது பைக்குள் வைத்து மூடியதைக் கண்டு சீனித்தாய் கசப்பின்றி நகைத்தாள்.

"இப்பம் தெரிஞ்சுதா சிஸ்டர்? குடிச்சா எங்கன போக?"

உப்பளத்தின் உரிமையாளர் வன்னியபெருமாள் கொடியவரல்லர். ஆயினும், கழிப்பறை கட்ட ஒரு மூலை நிலம் தருமாறு ஜெயஷீலா கேட்டபோது அவர் முகம் சுருங்கிற்று. "பாத்தித் தண்ணியில அது கலந்துட்டுன்னா நம்ம உப்ப எவன் தொடுவான்? வேற ஏதாவது கேளுங்கம்மா, செய்யுதேன்" என்று சொல்லி எழுந்துவிட்டார்.

சித்திரை வெயில் தீயெனப் பொழிந்த ஒரு நண்பகலில், உப்பு வாரும் பலகை கைநழுவ, சீனித்தாய் பாத்திக்குள்ளேயே சரிந்து விழுந்தாள். அவள் கணவன் இசக்கிராஜா சுமந்த மூட்டையை எறிந்துவிட்டு ஓடிவந்து, அவளைத் தோளில் ஏந்தி, வழுக்கும் வரப்புகளைக் கடந்து, உப்பேற்ற நின்ற வண்டியிலேயே நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தான். உடல் வறண்டு சிறுநீரகங்கள் ஓயத் தொடங்கிவிட்டன என்றார் மருத்துவர். பிழைப்பாளோ மாட்டாளோ என ஊரே கலங்கியிருந்த அந்நாள்களில், ஜெயஷீலா அவள் படுக்கையை விட்டு அகன்றிலள். மெல்ல மெல்லச் சிறுநீர் இறங்கியது. சீனித்தாய் கண் விழித்தாள்.

சாத்துக்குடிப் பழங்களோடு அவளைக் காண வன்னியபெருமாள் வந்தார். "ஏளா சீனி, உங்களுக்குன்னுதான பானையில தண்ணி வச்சிருக்கேன்? அள்ளிக் குடிக்கதுக்கு என்ன?"

ஓர் ஆடவரிடம் அதைச் சொல்ல நாணி அவள் சுவர்ப்பக்கம் திரும்பினாள். பின்பு, சாவின் வாயில்வரை சென்று மீண்டவர்க்கே வாய்க்கும் துணிவோடு, முகம் திருப்பிச் சொன்னாள்: "உங்க தண்ணிய நாங்க ஒருநாளும் குறை சொன்னதில்ல அண்ணாச்சி. குடிச்சுட்டு ஒதுங்க ஒரு மறைப்பு இல்லியே. ஆம்பளைங்க நடக்க வரப்புல பொம்பளை எங்கன போவா?"

வன்னியபெருமாள் பழப்பையை அவள் தலைமாட்டில் வைத்தார். மழையில் கரையாதிருக்க ஒவ்வோர் அம்பாரத்திற்கும் ஆண்டுதோறும் கீற்று வேய்ந்தவர் அவர்.

"உப்புக்குக் கூரை போட்டேன்ளா" என்றார். "உங்களுக்குப் போடல."

சாலையோரம் உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்கெனத் தாம் ஒதுக்கியிருந்த மேட்டுநிலத்தை அவர் தந்தார். அவருடைய அச்சமும் பொய்யன்று ஆதலின், ஒரு சொட்டும் கசியாத மூடிய கழிவுத்தொட்டியை ஜெயஷீலாவின் குழுவினர் வரைந்து கொடுத்தனர். இசக்கிராஜாவும் தோழரும் வேலை முடிந்த மாலைகளில் குழி தோண்ட, பெண்கள் கல்லும் மணலும் சுமக்க, கழிப்பறைகளும், இளைப்பாற ஒரு நிழற்கூடமும், நல்ல நீர் சொரியும் குழாயும் அம்மேட்டில் எழுந்தன. கடும்பணி இனி ஆகாது என மருத்துவர் விலக்கிய சீனித்தாயையே, அவ்விடத்தைப் பேணும் பொறுப்புக்குப் பெண்கள் அமர்த்தினர். அவளோ அதனோடு அமையாது, அயலிலுள்ள உப்பளங்களுக்கும் நடந்து சென்று, தான் பட்டதை நாணமின்றி எடுத்துரைக்கலானாள்.

குழாயில் நீர் வந்த முதல்நாள் நண்பகலில் பெண்கள் குழாயடியில் கூடினர். பல்லாண்டுப் பழக்கம் தடுக்க, சிறிது தயங்கினர், ஒருத்தி அண்ணாந்து பருகினாள், பின் மற்றொருத்தி, பின் எல்லாரும், கழுத்தும் மார்பும் நனைய, சிறுமியரைப் போல் நகைத்தவாறு பருகினர். சீனித்தாய் ஒரு செம்பு நீரை ஜெயஷீலாவின் கையில் தந்தாள்.

"நீங்களும் குடிங்க சிஸ்டர். அன்னைக்கு தண்ணிய மூடி வச்சீயள்லா, எங்க பாடு உங்களுக்குப் புரிஞ்சு போச்சுன்னு அப்பமே தெரிஞ்சுட்டு. சாகுத வரைக்கும் மறக்கமாட்டோம்."

ஜெயஷீலா விழி நிறைய அந்நீரைப் பருகினாள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க என்பது நம் முன்னோர் மொழி. இலையில் உப்பிட்ட கையை நினைந்த நாம், அதனை விளைவித்த கைகளை நினைந்திலோம். இனியேனும், உண்ணும் கவளந்தோறும், வேட்கையை அடக்கி நமக்காக வெயிலில் நின்ற அம்மகளிரையும், அவ்வேட்கை தீர வழி கண்டோரையும் நம் நெஞ்சம் நன்றியோடு வாழ்த்துவதாக.