கதவு மூடிய பிறகு

எங்கள் படம் தாவணகெரேயில் ஒன்பது நாள் ஓடியது. பெங்களூரில் நான்கு நாள். அதே வாரம் ஒரு பெரிய நடிகரின் படம் வந்ததால் எங்கள் போஸ்டர் மேலேயே அவர் முகத்தை ஒட்டிவிட்டார்கள். படத்தின் பெயர் ‘ஹளே நம்பர்’, பழைய நம்பர் என்று அர்த்தம். இயக்கியது என் கணவர் உமாபதி. கதையும் வசனமும் நான்.

ஒரு பள்ளிக்கூட கிளார்க் பெண்ணின் படங்கள் ஒருவன் கையில் சிக்குகின்றன. அவன் போனில் மிரட்டிக்கொண்டே இருக்கிறான். கடைசியில் அவள் காய்கறிப் பைக்குள் அரிவாளை வைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போகிறாள். உள்ளே நுழைகிறாள். கதவு மூடுகிறது. படம் முடிந்துவிடும்.

ஆறு வருடம் கழித்து, கேட்பாரில்லாமல் கிடந்த படத்தை இணையத்தில் இலவசமாகப் போட்டோம். பார்த்தவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். உமாபதி அந்தப் பக்கமே போகமாட்டார். “செத்த குழந்தைக்கு ஜாதகம் எழுதுறாங்க” என்பார். நாங்கள் தாவணகெரேயில் பிழைப்புக்கு நடத்தும் கல்யாண ஸ்டூடியோவில் உட்கார்ந்து நான்தான் படத்தின் பெயரில் பதில் போடுவேன்.

“இண்டர்வெல் வரைக்கும் தூங்கினேன். அதுக்கப்புறம் ரெண்டு நாளா தூக்கமே இல்ல.”

“வில்லன் பேசுறது அப்படியே எங்க மாமனார்.”

“இந்த ஊர்ல போலீஸ் ஸ்டேஷனே கிடையாதா சாமி?”

“இப்படி ஒரு படத்தை விட்டுட்டோமே, நம்மளைச் செருப்பால அடிக்கணும்.”

ஒவ்வொன்றையும் நான்கு தடவை படிப்பேன். ஆறு வருடப் பசி எனக்கு.

ஒரு திங்கட்கிழமை ‘சம்பிகெ’ என்ற பெயரில் ஒருத்தி கேட்டிருந்தாள்: “கதவு மூடின பிறகு அவளுக்கு என்ன ஆச்சு?”

நான் பெரிய எழுத்தாளர் தோரணையில் பதில் போட்டேன். “அதை உங்க மனசுக்கே விட்டுட்டோம் மேடம்.” அதற்குப் பதினான்கு பேர் கைதட்டியிருந்தார்கள்.

புதன்கிழமை காலை அவள் மறுபடி எழுதியிருந்தாள். “என் மனசுல ஒண்ணும் வரமாட்டேங்குது. தயவுசெஞ்சு சொல்லுங்க. அவளை ஜெயில்ல போட்டாங்களா? அவ பொண்ணை யார் பாத்துக்கிட்டாங்க?”

அதன் கீழே ஒருவன் கிண்டல் செய்திருந்தான். “படத்தை ஒழுங்கா பாரு அக்கா. அவளுக்கு ஏது பொண்ணு?”

எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடுத்த நொடி மறுபடி படித்தேன். படத்தில் அவளுக்குப் பெண் கிடையாது. கேட்கிறவளுக்கு இருக்கிறது.

உமாபதி ஆல்பத்துக்குப் படம் பிரித்துக்கொண்டிருந்தார். ஓடிப் போய்ச் சொன்னேன்.

“ஏன்ரீ, இவ படத்தைப் பத்திக் கேக்கல. தன்னைப் பத்திக் கேக்குறா.”

“உனக்கு எல்லாமே கதைதான் மங்களா.”

“இன்னொரு தடவை படிங்க.”

படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தார். “பதில் போடு. உடனே போடு” என்றார்.

போட்டேன். பதில் இல்லை. அரை மணிக்கு ஒரு தடவை போட்டேன். அவள் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. ஒரு சண்பகப் பூவின் பெயரை வைத்துக்கொண்டு யாரைத் தேடுவது? பதினான்கு கைதட்டலும் என் கன்னத்தில் விழுவது போலிருந்தது. அந்தப் பெண் கையில் அரிவாளைக் கொடுத்தது நான். கொடுத்துவிட்டுக் கதவையும் சாத்தினேன்.

மறுநாள் விடிந்ததும் உமாபதியிடம் கேட்காமலே என் போன் நம்பரை எல்லோரும் பார்க்கும்படி எழுதினேன். “சம்பிகெ, எந்த நேரமானாலும் கூப்பிடுங்க.”

ஏழு மணிக்கெல்லாம் போன் அடிக்கத் தொடங்கியது. பாய்ந்து எடுத்தேன்.

“மேடம், நான் கதக்லேருந்து பேசறேன். ரெண்டாவது பாட்டை வெட்டியிருந்தா படம் நூறு நாள் ஓடியிருக்கும்.”

அடுத்தது ஹாசனிலிருந்து. “இரண்டாம் பாகம் எப்போ?” அதற்கடுத்தவர் வில்லனுக்கு மீசை ஒட்டவில்லை என்றார். ஒருத்தன் சும்மா மூச்சுவிட்டுவிட்டு வைத்தான். ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் என் உயிர் போய் வந்தது. “போனை வைங்கண்ணா, கும்பிடறேன், லைனை விடுங்க” என்று கத்தினேன். மதியம் ஒன்றரைக்குள் முப்பது பேருக்கு மேல் கருத்துச் சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் ஒன்று வந்தது. குக்கர் விசில் மட்டும் கேட்டது.

“சம்பிகெயா?”

“நீங்கதானே கதை எழுதினவங்க?” மெதுவான குரல். “அவளுக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லுங்க. நான் வெச்சிடறேன்.”

பொய் சொல்ல ஆயிரம் வார்த்தை வாயில் வந்து நின்றது. ஒன்றும் ஒப்பவில்லை.

“எனக்குத் தெரியாதும்மா.”

“எழுதினவங்களுக்கே தெரியாதா?”

“தெரியல. எப்படி முடிக்கறதுன்னு தெரியாமத்தான் கதவை மூடினேன். எல்லாரும் அதைப் பெரிய சாமர்த்தியம்னு சொன்னாங்க. சாமர்த்தியம் இல்ல, எனக்கு வக்கில்ல.”

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “மூணு மணிக்கு வரச் சொல்லியிருக்கான்” என்றாள்.

“எங்கே?”

“ஹரிஹரா பஸ் ஸ்டாண்டு பின்னாடி ஒரு ரூம்.”

ஹரிஹரா எங்களுக்குப் பக்கத்து ஊர். “நீ ரூமுக்குப் போகாதே. பஸ் ஸ்டாண்டுல உக்காரு. நான் வரேன். நீ யாருன்னு எனக்குத் தெரியாது, நான் யாருன்னு உனக்குத் தெரியாது. ஒரு பத்து நிமிஷம் பக்கத்துல உக்காந்துட்டுப் போறேன், அவ்வளவுதான்.”

வைத்துவிட்டாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பைக்கில் போகும்போது உமாபதியின் முதுகைக் குத்திக்கொண்டே போனேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு வண்டி முடிவில்லாமல் போயிற்று. நான் இறங்கி நின்று அழுதேன்.

இரண்டரைக்கு அங்கே சேர்ந்தோம். ஹாவேரி பஸ் நிற்கும் இடத்தில், கடைசி பெஞ்சில், மடியில் துணிப்பையை இறுக்கிப் பிடித்தபடி ஒருத்தி இருந்தாள். முப்பது வயதிருக்கும். பையின் மேலே கீரைக்கட்டு. நான் எழுதிய காட்சியே உட்கார்ந்திருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். “பையைக் குடு தங்கச்சி.”

கொடுக்கவில்லை. நானும் பிடுங்கவில்லை. அவளாகவே பேசினாள். பெயர் கொட்ரம்மா. கணவன் கோவாவில் துறைமுக வேலை. அவனுக்கு அனுப்பிய படங்கள் போனில் இருந்தன. ரிப்பேருக்குக் கொடுத்தபோது கடைக்காரன் எடுத்துக்கொண்டான். இரண்டு மாதமாக ஆட்டிப் படைக்கிறான்.

“பொண்ணோட ஸ்கூல் குரூப்புல போடுவேங்கறான் அக்கா. அவளுக்கு எட்டு வயசு.”

“புருஷன்கிட்ட சொன்னியா?”

“எந்த வாயால சொல்ல?”

மூன்று மணிக்கு அவள் போன் அடித்தது. உமாபதி தன் போனில் பதிவுப் பொத்தானை அமுக்கிப் பக்கத்தில் பிடித்தார். அவள் எடுத்தாள். தைரியமாக ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். கெஞ்சினாள். “அனுப்பாதீங்கண்ணா, உங்க கால்ல விழறேன்” என்றாள். அவன் சிரித்தான். “அஞ்சு நிமிஷம். இல்லேன்னா உன் மாமனாருக்குப் போகும்.”

அவள் எழுந்தாள். பையோடு நான்கு அடி நடந்தும்விட்டாள். நான் போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டே பார்த்தது. இழுத்தாள், என் கையைக் கடித்தாள். “விடு, விடுடீ” என்று அலறினாள். விடவில்லை. என் புடவைத் தலைப்பு கிழிந்தது. அஞ்சு நிமிஷம் போயிற்று. அவள் உடம்பு தளர்ந்து, என்மேலேயே சரிந்தாள்.

காவல் நிலையத்தில் முதலில் இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். உமாபதி அவன் குரலை மேசைமேல் வைத்துச் சத்தமாகப் போட்டார். பெண் சப் இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுந்து வந்து நின்றபடியே கேட்டார். “கடை எங்க?” என்றார். துணிப்பைக்குள் கீரைக்கு அடியில் இருந்த அரிவாளைப் பற்றி அவரிடம் நாங்கள் சொல்லவில்லை.

அன்று மாலையே அவனைப் பிடித்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் ஒரு படம் மாமனாருக்குப் போயிருந்தது. அவர் அவளுடைய துணிமணிகளை வாசலில் எறிந்தார். மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஸ்டூடியோ மாடிக்கு வந்தாள். கோவாவுக்குப் போன் போட்டால் எடுப்பாரில்லை. பதினோரு நாள் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் படிக்கட்டிலேயே படுத்தேன். தனியாக விடப் பயம்.

பன்னிரண்டாம் நாள், தன் அப்பா மூலம் விஷயம் தெரிந்து அவள் கணவன் பசவலிங்கன் வந்தான். நேராக அப்பாவின் வீட்டுக்குப் போய், தெருவே கேட்கும்படி, “அந்தப் போட்டோ எனக்கு அனுப்பினதுப்பா. என் பொண்டாட்டி எனக்கு அனுப்பினது. உனக்கென்ன?” என்று கேட்டுவிட்டுத்தான் எங்கள் மாடி ஏறினானாம். அவள் எழுந்து உட்கார்ந்தாள். அவன் மகளின் தலையைப் பின்னத் தொடங்கினான். பின்ன வரவில்லை. அவள்தான் கையை நீட்டிச் சீப்பை வாங்கினாள்.

மாமனார் இன்றும் பேசுவதில்லை. அவர்கள் இங்கேயே ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அவள் மண்டக்கி பட்டியில், அரிசிப் பொரி வறுக்கும் இடத்தில், பொரி அளக்கும் வேலைக்குப் போகிறாள். சில நாட்களில் போன் சத்தம் கேட்டாலே அதைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுகிறாளாம். கடைக்காரன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். அடுத்த வாய்தா பத்தொன்பதாம் தேதி. போன தடவை கோர்ட்டில் அவன் எங்களைப் பார்த்துச் சிரித்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், ஆனால் பெஞ்சை விட்டு எழவில்லை.